இறந்தவரை எழுப்பும் நான்கு பூதங்கள்: பிராண்டே குழந்தைகள் கட்டிய நாடு

1826ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் பாட்ரிக் பிராண்டே என்ற பாதிரியார் லீட்ஸ் நகருக்குச் சென்று திரும்பினார். அவருடைய ஊர் ஹாவொர்த். இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், காற்று ஓயாத மேட்டுநிலத்தின் விளிம்பில் உள்ள சிற்றூர். மகன் பிரான்வெல்லுக்காக அவர் வாங்கி வந்த பெட்டியில் 12 மரச் சிப்பாய்கள் இருந்தனர். மறுநாள் காலை அந்தப் பெட்டி சகோதரிகளின் அறைக்கு வந்தது. பத்து வயது சார்லட் ஒரு சிப்பாயைப் பாய்ந்து எடுத்து, இவர்தான் வெலிங்டன் பிரபு, இவர் எனக்கு என்று அறிவித்தாள். பிரான்வெல் தன் சிப்பாய்க்கு நெப்போலியன் பெயரை இட்டான். எமிலி எடுத்த பொம்மையின் முகம் கடுகடுத்திருந்ததால் அதற்கேற்ற பெயர் வாய்த்தது. கடைக்குட்டி ஆனின் சின்னஞ்சிறு பொம்மை 'காத்திருக்கும் பையன்' ஆயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 1829இல், சார்லட்டே இதை எழுதி வைத்தாள். இல்லாவிடில் உலக இலக்கியத்தின் மிக நீண்ட கூட்டு விளையாட்டுகளுள் ஒன்று எப்படித் தொடங்கியது என்பது நமக்குக் கிட்டியிராது.

'ஜேன் ஐர்', 'வுதரிங் ஹைட்ஸ்' நாவல்களை நாம் தனித்தனி மேதைகளின் ஆக்கங்களாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். அவற்றுக்கு அடியில் நால்வர் சேர்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆடிய ஆட்டம் ஒன்று உண்டு. அந்த ஆட்டத்தில் அவர்கள் பார்வையாளர்களாக மட்டும் இருக்கவில்லை. பாத்திரமேற்றுப் பேசினர், சண்டையிட்டனர், சட்டம் இயற்றினர், பத்திரிகை நடத்தினர். அதன் உட்பொருளை அறிய இரண்டு கேள்விகளைத் தொடர்ந்து செல்வது போதும் என்று தோன்றுகிறது. அந்த உலகின் தெய்வங்களுக்கு என்ன ஆற்றல் இருந்தது? அந்த உலகு எங்கே இருந்தது?

முதலில் ஆற்றல். நால்வரும் தம்மையே நான்கு பூதங்களாக ஆட்டத்துக்குள் நுழைத்துக்கொண்டனர். பெயர்களிலும் மறைவில்லை: டாலீ, பிரானீ, எம்மீ, அன்னீ. 'ஆயிரத்தொரு இரவுகள்' கதைகளிலிருந்தும், ஜேம்ஸ் ரிட்லி 1764இல் வெளியிட்ட பூதக் கதைகளிலிருந்தும் அவர்கள் பெற்ற உரு இது. பாலைநிலத்தில் ஒளிவீசும் மாளிகை, வானுயர்ந்த தோற்றம், இடிபோன்ற குரல் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆனால் இந்தப் பூதங்களின் தலையாய ஆற்றல் வேறு. போரில் மாண்ட வீரனை அவர்களால் மீண்டும் உயிர்ப்பிக்க முடியும்.

இதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. பிரான்வெல்லுக்குப் போர் வேண்டும். போர் என்றால் சாவு வேண்டும். இருப்பதோ பன்னிரண்டு பொம்மைகள்தாம். மாலையில் செத்த சிப்பாய் மறுநாள் காலை தேவைப்படுவான். அசுர குரு சுக்கிராச்சாரியாரிடம் இறந்தவரை எழுப்பும் மந்திரம் இருந்ததால் தேவாசுரப் போர் முடிவின்றி நீண்ட கதையை நாம் அறிவோம். இங்கே அந்த மந்திரம் ஒருவரிடம் இல்லை, நால்வரிடமும் இருந்தது. ஆகவே அது ஆட்டத்தின் சட்டமாகவும் ஆயிற்று. ஒருவர் கொன்றதை இன்னொருவர் மறுக்கலாம். யாரும் மற்றவருடைய நாயகனை நிரந்தரமாக அழித்துவிட இயலாது. பலர் சேர்ந்து ஒரு கதையைச் சொல்லும்போது எழும் பூசலுக்கு அவர்கள் கண்ட தீர்வு இது.

ஆனால் இதற்கு முந்திய ஆண்டுகளைப் பார்த்தால் இது வெறும் விளையாட்டுச் சட்டமாகத் தோன்றவில்லை. 1821 செப்டம்பரில் தாய் இறந்தார். 1824இல் மூத்த பெண்கள் நால்வரும் கோவன் பிரிட்ஜ் என்ற இடத்திலிருந்த பாதிரிமார் மகளிர்க்கான உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்து காசநோயோடு வீடு திரும்பிய மரியா 1825 மே மாதத்திலும், எலிசபெத் ஜூன் மாதத்திலும் இறந்தார்கள். மரியாவுக்கு வயது பதினொன்று, எலிசபெத்துக்குப் பத்து. தாய் போனபின் தம்பி தங்கையருக்குத் தாயாக இருந்தவள் மரியா. 'ஜேன் ஐர்' நாவலில் பள்ளிப் படுக்கையில் இறக்கும் ஹெலன் பர்ன்ஸ் அவளுடைய சாயலே. எலிசபெத் இறந்து ஓராண்டு நிறையும் வேளையில் அந்தப் பெட்டி வீட்டுக்கு வருகிறது. எஞ்சிய நான்கு குழந்தைகள் இறந்தவரை எழுப்பும் ஆற்றலைத் தமக்குத் தாமே வழங்கிக்கொள்கின்றனர். இதற்கு மேல் இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆற்றலுக்கு உலகுக்குள் ஒரு விளக்கமும் வெளியே ஒரு விளக்கமும் தேவை என்பதைப் பதின்மூன்று வயது பிரான்வெல் உணர்ந்திருந்தான். 1830 இறுதியில் தொடங்கி 1831 மே வரை அவன் எழுதிய 'இளைஞர்களின் வரலாறு' என்ற நூலின் ஆசிரியர், அந்த நாட்டின் வரலாற்றறிஞரான ஜான் பட் என்ற பாத்திரம். கரையிறங்கிய பன்னிருவர்முன் ஒரு பேருருவம் தோன்றி அவர்களை வாரி எடுத்துச் சென்று, வேறு மூன்று உருவங்கள் இருந்த மண்டபத்தில் வைத்ததை அவர் முழு வரலாற்று நடையில் பதிவு செய்கிறார். பொம்மைகள் எப்போது எங்கே வாங்கப்பட்டன என்ற கணக்கையும், அந்தப் பேருருவம் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு அக்கா தங்கைகளின் அறைக்கு வந்த தானே என்பதையும் பிரான்வெல் தன் குரலில் சொல்லிவிடுகிறான். மரப்பாச்சியின் கண்ணால் பார்த்தால் குழந்தை ஒரு தெய்வம். இரண்டு பார்வைகளையும் ஒரே நூலில் பிடித்து வைக்க அந்த வயதிலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது.

இனி, நாடு. அதன் பெயர் கண்ணாடி நகரம், பின்னாளில் வெர்டோபோலிஸ். அது வானுலகில் இல்லை, மேற்கு ஆப்பிரிக்காவின் கினி கடற்கரையில் இருந்தது. அந்த வீட்டில் விரும்பிப் படிக்கப்பட்ட 'பிளாக்வுட்ஸ்' மாத இதழில், பொம்மைகள் வந்த அதே 1826 ஜூன் மாதம், நைஜர் ஆறு எங்கே கடலில் கலக்கிறது என்பது பற்றி ஜேம்ஸ் மக்வீன் எழுதிய கட்டுரை வெளிவந்தது. ஆறு கினி வளைகுடாவில்தான் கலக்கிறது என்று அவர் வாதிட்டார். லேண்டர் சகோதரர்கள் நேரில் பயணம் செய்து அதை மெய்ப்பித்தது 1830இல். ஐரோப்பியப் படங்களில் இன்னும் நிரம்பாத அந்த வெற்றிடத்தில் குழந்தைகள் தங்கள் தலைநகரைக் கட்டினர். நால்வருக்கும் நான்கு நாடுகள். வெலிங்டன், ஸ்னீக்கி, பாரி, ராஸ் ஆகிய நான்கு அரசர்கள். பிரான்வெல்லின் நெப்போலியன் ஸ்னீக்கியாக மாறியிருந்தான். எமிலியும் ஆனும் தங்கள் பொம்மைகளுக்கு வடதுருவக் கடலை ஆராய்ந்த பாரி, ராஸ் என்போரின் பெயர்களைச் சூட்டிக்கொண்டனர். சிப்பாய்கள் படிக்கும் அளவில் பத்திரிகைகளும் எழுந்தன. 1830ஆம் ஆண்டு இதழ் ஒன்றின் அளவு 35 மி.மீ.க்கு 61 மி.மீ. தீப்பெட்டியளவு தாளில் அச்செழுத்தைப் போலச் செய்த கையெழுத்து. அதனை 2019இல் பாரிஸ் ஏலத்தில் பிராண்டே சங்கம் 6 லட்சம் யூரோவுக்கு வாங்கி ஹாவொர்த்துக்கே கொண்டு சேர்த்தது.

ஆனால் வெற்றிடம் என்று அவர்கள் நினைத்த நிலத்தில் மக்கள் இருந்தனர். அது அசாந்தி மக்களின் நாட்டை ஒட்டிய பகுதி. 1824 ஜனவரியில் பிரிட்டிஷ் ஆளுநர் சர் சார்லஸ் மக்கார்த்தி அசாந்திப் படையிடம் தோற்று மாண்டார்; அந்தப் போர் இங்கிலாந்து இதழ்களில் செய்தியாக வந்துகொண்டிருந்தது. குழந்தைகளின் கதையிலும் பன்னிருவர் அசாந்திகளை வென்றே நகரம் அமைக்கின்றனர். தோற்ற அரசனின் மகன் குவாஷியா வெலிங்டனின் வீட்டில் வளர்கிறான். வளர்ந்தபின் கலகம் செய்கிறான். குழந்தைகளுக்கு அவன் நன்றிகெட்டவன். இன்று வாசிக்கும் நமக்கு அவன் நிலத்தை இழந்தவன். கதையில் பிரபுவாக வரும் வெலிங்டன் 1799இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த போரில் படைநடத்திய அதே ஆர்தர் வெல்லெஸ்லி என்பதை நம் பகுதி வாசகர் மறக்க இயலாது. பூதங்கள் காத்து நின்றது தத்தம் வீரர்களை. மீண்டெழும் பேறு எவருக்கு உண்டு, எவருக்கு இல்லை என்பதை அந்தக் குழந்தைகளின் உலகும் பேரரசிடமிருந்தே கற்றுக்கொண்டிருந்தது.

1831 ஜனவரியில் சார்லட் ரோ ஹெட் பள்ளிக்குப் படிக்கச் சென்றதும் நால்வர் கூட்டு உடைந்தது. எமிலியும் ஆனும் மூத்தவர்களின் ஆட்சியிலிருந்து விலகிக் கோண்டால் என்ற தங்கள் சொந்த உலகைப் படைத்தனர். கோல்ட்ஸ்மித்தின் பூகோளப் பாடநூலில் உள்ள இடப்பெயர் அகராதியில், உண்மையான ஊர்களுக்கு நடுவே, அகரவரிசை பிறழாமல், ஆன் தன் கையால் எழுதிச் சேர்த்த பதிவுகள் உள்ளன: கோண்டால், வட பசிபிக் கடலில் ஒரு பெருந்தீவு, கால்டைன், தென் பசிபிக் கடலில் புதிதாகக் கண்டறியப்பட்ட பெருந்தீவு. வெப்பநாட்டு மாளிகைகள் போய், பனியும் மூடுபனியும் புதர்க்காடும் நிறைந்த, ஹாவொர்த்தை ஒத்த நிலம் வந்தது. எஞ்சியிருக்கும் கோண்டால் கவிதைகளில் உயிர்ப்பிக்கும் பூதங்கள் இல்லை. அங்கே இறந்தவர் இறந்தவரே.

மூத்தவர் இருவருக்கும் பூதங்களை விட்டுவிடுவது அவ்வளவு எளிதாக இல்லை. 1834இல் அவர்கள் அங்கிரியா என்ற புதிய அரசை அமைத்தனர். வெலிங்டனின் மகன் ஜமோர்னா அதன் மன்னன். பூதங்கள் மறைந்து அரசியலும் காதலும் மேலோங்கின. 1836இல் ரோ ஹெட்டில் ஆசிரியையாக இருந்த சார்லட், ஜமோர்னாவின் மனைவி மேரியைப் பிரான்வெல் கதையில் கொன்றுவிட்டானோ என்று ஊரில் இல்லாத தவிப்போடு நாட்குறிப்பில் எழுதுகிறார். அவருக்கு வயது இருபது. பிறகு தாம் எழுதிய கதையில் மேரியைப் பிழைக்க வைத்துவிட்டார். மந்திரம் இல்லை, பூதம் இல்லை. வந்த செய்தி பொய் என்ற கதைத்திருப்பம் மட்டுமே. டாலீயின் பழைய ஆற்றல் நாவலாசிரியையின் கைக்கு மாறிய இடம் இது என்று நாம் கருதுகிறோம். 1839 வாக்கில் அங்கிரியாவுக்கு விடைகொடுத்து அவர் ஒரு குறிப்பு எழுதினார். நெடுநாள் பழகிய முகங்களைவிட்டுப் பிரிந்து அயல்நாடு செல்பவரின் தயக்கம் அதில் இருக்கிறது.

எமிலியும் ஆனும் விடைகொடுக்கவில்லை. 1845 ஜூன் 30 அன்று இருவரும் யார்க் நகருக்குப் பயணம் சென்றனர். இருவர் மட்டும் சேர்ந்து சென்ற முதல் நெடும்பயணம். வழிநெடுக அவர்கள் கோண்டாலின் இளவரசர்களாகவும் இளவரசிகளாகவும் மாறி மாறிப் பேசிக்கொண்டே சென்றதை எமிலி அடுத்த மாதம் எழுதிய குறிப்பில் மகிழ்ச்சியோடு பதிகிறார். குடியரசுப் படையிடம் தோற்றுக்கொண்டிருக்கும் அரச தரப்பில் சேர, பாடசாலை அரண்மனையிலிருந்து தப்பி ஓடும் பாத்திரங்கள் அவர்கள். எமிலிக்கு அப்போது இருபத்தாறு வயது, ஆனுக்கு இருபத்தைந்து.

அதே 1845 மார்ச்சில் எமிலி எழுதிய கவிதையில் ரோசினா அல்கோனா என்ற கோண்டால் அரசி, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இறந்த தன் நாயகனை நினைக்கிறாள். அவனை எழுப்பித் தரும்படி அவள் எவரையும் வேண்டவில்லை. அவனின்றி வாழக் கற்றுக்கொண்டதையும், நினைவில் மூழ்கிவிடாமல் தன்னைத் தடுத்து நிறுத்தியதையும் சொல்கிறாள். 1846இல் சகோதரிகள் மூவரும் புனைபெயரில் கவிதைத் தொகுப்பை வெளியிட்டபோது கோண்டால் பெயர்கள் நீக்கப்பட்டன. கவிதை தனித்து நின்றது. கற்பனை நாட்டின் அரசியைப் பற்றி ஒன்றும் அறியாத வாசகரும் அந்தத் துயரைத் தம்முடையதாகக் கொண்டனர். மறு ஆண்டு வெளிவந்த 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில் ஹீத்கிளிஃப் இறந்தவளைத் திரும்ப அழைக்கிறான். கல்லறையைத் திறந்தும் பார்க்கிறான். அவள் எழுந்து வருவதில்லை. பூதங்கள் இல்லாத நாட்டில் பழகிய கைதான் அதை எழுதியிருக்க முடியும்.

1848 செப்டம்பரில் பிரான்வெல்லும், டிசம்பரில் எமிலியும், 1849 மே மாதத்தில் ஆனும் இறந்தனர். கோண்டாலின் உரைநடைக் கதைகள் நமக்கு எஞ்சவில்லை. நால்வரில் எஞ்சியவர் சார்லட் மட்டுமே. 1850இல் தங்கையரின் நூல்களைத் திருத்தி, அவர்களைப் பற்றிய குறிப்பொன்றையும் சேர்த்து மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். எமிலியின் வெளிவராத கவிதைகள் சிலவும் அப்போதுதான் அச்சேறின. டாலீயிடம் மிஞ்சியிருந்த ஆற்றல் அதுதான்.