ஒரு விகுதியின் கதை

போன மாதம் கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஒரு பெரியவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையில் என்னுடைய பழைய சிறுகதைத் தொகுதி ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளூரச் சந்தோஷந்தான். கையெழுத்துக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்துப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"அது இருக்கட்டும், தம்பி. இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார்.

பக்கம் முழுவதும் பென்சில் கோடு. கதையிலே ஒரு பாங்கு குமாஸ்தா வருகிறார், வயது இருபத்தெட்டு. அவர் 'வந்தார்', 'உட்கார்ந்தார்', 'காப்பி குடித்தார்'. அதே கதையில் துணிகளுக்கு இஸ்திரி போடும் கிழவர் ஒருவரும் வருகிறார், வயது அறுபத்தைந்து. அவரோ 'வந்தான்', 'நின்றான்', 'தலையைச் சொறிந்தான்'.

"இந்தக் கிழவர் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்?" என்று கேட்டார் பெரியவர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதனுக்கு மனிதன் பாராட்டும் வேற்றுமையைக் கண்டிப்பதற்கென்றே நான் எழுதிய கதை அது!

கதைகளில் வேற்றுமை எப்போதும் தாரை தப்பட்டையுடன் வருவதில்லை. சாட்டையை ஓங்கும் பண்ணையாரையும், கோயில் வாசலில் மறித்து நிற்கும் தர்மகர்த்தாவையும் வாசகர் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார். ஆனால் கதை சொல்லுகிறவனின் வினைச்சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு வருகிற வேற்றுமையை எழுதுகிறவனும் பார்ப்பதில்லை, படிக்கிறவரும் பார்ப்பதில்லை.

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் இதை நன்றாகக் கவனித்திருக்கிறார். 1924-இல் வெளிவந்த 'எ பாஸேஜ் டு இந்தியா' நாவலில் ஒரு கலெக்டரின் மனைவி வருகிறாள். அவளுக்கு உருது தெரியும். ஆனால் வேலைக்காரர்களிடம் பேசுவதற்காக மட்டுமே கற்றுக்கொண்டதால், மரியாதைச் சொற்கள் தெரியாது. வினைச்சொற்களிலும் ஏவல் மட்டுமே தெரியும். இந்த ஒரு தகவலிலேயே அந்த ஆட்சியின் குணம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ராஜாவும் 'ஹீ'தான், ராஜாவின் குதிரைக்காரனும் 'ஹீ'தான். அதனால் ஃபார்ஸ்டர் இதைக் காட்ட வேறொரு மொழியின் உதவியைத் தேடினார். நமக்கு அந்தச் சிரமமே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் அவரவர் அந்தஸ்தை நாமே கட்டிவிடுகிறோம்.

எங்கள் பக்கத்துச் சரித்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். பரங்கிமலையும் பல்லாவரமும் பட்டாளம் தங்கிய கண்டோன்மெண்டு ஊர்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல அங்கே வாழ்ந்தன. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-இல். வெள்ளைக்காரர் ஆட்சியில் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் என்று ரயில்களில் தனிப் பெட்டிகள் ஒதுக்கும் வழக்கம் இருந்தது. ரயில் பெட்டியில் இடம் கொடுத்த வெள்ளைக்காரர், தம்முடைய கிளப்பில் அவர்களுக்குச் சமமாக இடம் கொடுத்துவிடவில்லை. நாமோ 'சட்டைக்காரர்' என்று பெயர் வைத்து ஒதுக்கினோம். நம்முடைய பத்திரிகைக் கதைகளில் கவுன் அணிந்த டைப்பிஸ்டுப் பெண் எத்தனை தடவை வந்திருப்பாள்! அவளுடைய கொச்சைத் தமிழுக்குச் சிரித்தோம். அவள் நடனமாடியதாக எழுதினோம். அவளுக்குச் சம்பளம் என்ன, அதை நம்பி வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டவர்கள் குறைவு. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பங்களில் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிவிட்டன.

அதே பரங்கிமலையில் 1883-இல் பிறந்தவர் எம். சி. ராஜா. தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவராகச் சென்னைச் சட்டசபையில் அமர்ந்தவர். இழிவு தொனிக்கும் பழைய ஜாதிப் பெயர்களை நீக்கி, சர்க்கார் தஸ்தாவேஜுகளில் 'ஆதி திராவிடர்' என்றே எழுத வேண்டும் என்று 1922-இல் தீர்மானம் கொண்டுவந்து வெற்றியும் பெற்றார். பெயரை மாற்ற உத்தரவு போடலாம். விகுதியை மாற்ற எந்தச் சட்டசபை உத்தரவு போடும்?

ராஜா படித்தது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில். பட்டணத்துக்குள் இருந்த அந்தக் கல்லூரி 1937-இல்தான் தாம்பரத்துக்குக் குடிவந்தது. தமிழ் நாவலின் முன்னோடிகளான ராஜமையரும் மாதவையாவும் அதே கல்லூரியின் மாணவர்களே. பால்ய விவாகத்தையும் விதவைகளின் துயரத்தையும் மாதவையா எழுதிய துணிவு சாமான்யமானதல்ல. ஆயினும் அந்தத் தலைமுறையின் இரக்கம் பெரும்பாலும் தன் வீட்டுக் கூடத்திலேயே சஞ்சரித்தது. கொல்லைப்புற வாசலில் நின்றவர்கள் கதைக்குள் வந்தாலும் நின்றுகொண்டேதான் இருந்தார்கள்.

அந்த வாசலைத் தாண்டிப் போனவர் புதுமைப்பித்தன். 1935-இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த 'துன்பக்கேணி'யில், கணவன் சிறைக்குப் போனதும் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போகிறாள். அங்கே வெள்ளைக்காரத் துரையின் கொடுமை இருக்கிறது. ஆனால் துரையை மட்டும் திட்டிவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள முடியாது. அவளை அங்கே விரட்டியது நம்முடைய கிராமமே என்பதையும் கதை சொல்லிவிடுகிறது.

அசோகமித்திரனின் வழி வேறு. 1977-இல் வந்த '18வது அட்சக்கோடு' நாவலில் பிரசங்கமே கிடையாது. செகந்திராபாத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். தண்ணீர்க் குழாயடியில் அண்டை வீட்டார் சண்டை போடுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்டை வீட்டார் இந்துவாகவும் முஸ்லிமாகவும் மட்டும் ஆகிவிடுகிறார்கள். எந்த நிமிஷத்தில் அப்படி ஆனார்கள் என்று விரல் வைத்துச் சொல்ல முடிகிறதா? முடிவதில்லை. அதுதான் அந்த நாவலின் பயங்கரம்.

பிறகு இன்னொரு பெரிய மாறுதல் நடந்தது. பூமணியின் 'பிறகு' (1979), பாமாவின் 'கருக்கு' (1992), இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) ஆகியவை வெளிவந்தன. அதுவரை யாரைப் பற்றியோ பிறர் எழுதிக்கொண்டிருந்தார்களோ, அந்த வீடுகளுக்குள்ளிருந்தே கதை பிறந்தது. இமையம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் ஒடுக்கப்பட்டவளான ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியை நடுநாயகமாக வைத்தார். இந்தப் புஸ்தகங்களிலும் 'அவன்' 'அவள்' என்றுதான் வருகிறது. ஆனால் அந்த 'அவன்' வீட்டுப் பிள்ளையைச் சொல்லும் 'அவன்'. என் கதையில் வருகிற 'அவன்' அல்ல.

பெரியவர் போன பிறகு, அடுத்த பதிப்புக்காக அந்தக் கதையைத் திருத்த உட்கார்ந்தேன். 'வந்தான்' என்பதை 'வந்தார்' என்று மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். மாற்றியதும் கதை நகர மறுத்தது. கதையின் முடிவில் குமாஸ்தா இரக்கப்பட்டுத் தம்முடைய பழைய சட்டையொன்றைக் கிழவருக்குக் கொடுக்கிறார். வாசகர்கள் பலர் பாராட்டிக் கடிதம் எழுதிய இடம். கிழவர் 'வந்தார்' என்று எழுதிய பிறகு அவரை வாசலில் நிறுத்தி வைக்க முடியவில்லை. உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது. உட்கார்ந்தவரிடம் பழைய சட்டையை எப்படி நீட்டுவது? என் கதாநாயகரின் பெருந்தன்மை அத்தனையும் அந்த ஒரு விகுதியின் மேல் நின்றுகொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

கதையைத் தொகுதியிலிருந்து எடுத்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கிழவருக்குக் கதையில் நான் பெயரே வைக்கவில்லை. எங்கள் தெருமுனையில் வண்டி போட்டிருப்பவரைப் பார்த்து எழுதியதுதான் அது. பதினோரு வருஷமாக எங்கள் துணிகளுக்கு அவர் இஸ்திரி போட்டுத் தருகிறார். மறுநாள் காலையில் போய் அவருடைய பெயரைக் கேட்டேன். கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கு சார்? துணி ஏதாச்சும் காணாமப் போச்சா?" என்றார்.