ரூபி ஆன் ரெயில்ஸ் 3.0

ரூபி ஆன் ரெயில்ஸ் 3.0 என்பது ரூபி நிரலாக்க மொழியில் எழுதப்பட்ட ரெயில்ஸ் என்னும் திறமூல வலைச் செயலிச் சட்டகத்தின் மூன்றாவது பெரும் பதிப்பு ஆகும். இது ஆகஸ்ட் 29, 2010 அன்று வெளியிடப்பட்டது. எம்.ஐ.டி உரிமத்தின் கீழ் கிடைப்பதால் இதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். ஒன்றோடொன்று போட்டியிட்டு வந்த ரெயில்ஸ், மெர்ப் ஆகிய இரு சட்டகங்கள் இணைந்ததன் விளைவாக இப்பதிப்பு உருவானது. 1,600க்கும் மேற்பட்டோரின் பங்களிப்பு இதில் அடங்கியுள்ளதாக வெளியீட்டு அறிவிப்புக் குறிப்பிட்டது.

பின்னணி

உலாவியிலிருந்து வரும் கோரிக்கையை உரிய நிரற்பகுதிக்கு அனுப்புதல், தகவலைத் தரவுத்தளத்தில் சேமித்தல், விடையாகச் செல்லும் பக்கத்தை ஆக்குதல் ஆகியன ஏறத்தாழ எல்லா வலைச் செயலிகளுக்கும் பொதுவான வேலைகள். இவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதாமல், ஆயத்த நிலையில் தருவதே வலைச் செயலிச் சட்டகம் ஆகும்.

டென்மார்க்கைச் சேர்ந்த நிரலாளர் டேவிட் ஹைனமையர் ஹான்சன், 37சிக்னல்ஸ் நிறுவனத்தின் பேஸ்கேம்ப் என்னும் திட்ட மேலாண்மைச் செயலிக்காகத் தாம் எழுதிய நிரலிலிருந்து ரெயில்சைப் பிரித்தெடுத்து 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பதிப்பு 1.0 டிசம்பர் 2005 இலும், பதிப்பு 2.0 டிசம்பர் 2007 இலும் வெளிவந்தன.

அக்காலத்து ரெயில்சில், வழங்கியில் இயங்கும் ஒரு செயல்முறை ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டுமே கவனிக்கும். எவரேனும் பெரிய கோப்பொன்றைப் பதிவேற்றினால், அது முடியும்வரை அச்செயல்முறை வேறு எவருக்கும் விடையளிக்க இயலாது. இக்குறையைத் தீர்க்க எஸ்ரா சிக்மன்டோவிட்ஸ் 2006 ஆம் ஆண்டில் ஒரு சிறு நிரலை எழுதினார். அதுவே மெர்ப் என்னும் தனிச் சட்டகமாக வளர்ந்தது.

இரண்டின் நோக்கும் வேறுபட்டிருந்தது. தரவுத்தள அடுக்கு முதல் ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம் வரை அனைத்தையும் ரெயில்ஸ் தானே தேர்ந்து தந்தது. மெர்ப்போ சிறிய கருவை மட்டும் தந்து, ஏனைய பகுதிகளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை நிரலாளரிடமே விட்டது.

இணைப்பு

மெர்ப் 1.0 நவம்பர் 2008 இல் வெளிவந்தது. சில வாரங்களிலேயே, டிசம்பர் 23, 2008 அன்று, இரு குழுவினரும் தாம் இணைவதாக அறிவித்தனர். யெஹுதா காட்ஸ் உள்ளிட்ட மெர்ப் உருவாக்குநர்கள் ரெயில்ஸ் மையக் குழுவில் சேர்ந்தனர்.

இவ்விணைப்பில் மெர்ப்பின் பெயர் மறைந்தது; ஆனால் அதன் கொள்கைகள் ரெயில்ஸ் 3.0 இல் இடம்பெற்றன. புதியவருக்கு ரெயில்ஸ் முன்போலவே அனைத்தையும் தேர்ந்து தந்தது. மாற்ற விரும்புவோர் எப்பகுதியையும் கழற்றி வேறொன்றைப் பொருத்தும் வகையில் உட்புறம் திருத்தி எழுதப்பட்டது.

முக்கிய மாற்றங்கள்

* தரவுத்தள வினவல்: ஆக்டிவ் ரெக்கார்ட் என்னும் பகுதியில் நிபந்தனைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வினவலை அமைக்கும் முறை விரிவுபடுத்தப்பட்டது. தரவு உண்மையிலேயே தேவைப்படும்போதுதான் வினவல் தரவுத்தளத்துக்கு அனுப்பப்படும்.
* ஆக்டிவ் மாடல்: உள்ளீடுகளைச் சரிபார்க்கும் வசதி தனியே பிரிக்கப்பட்டதால், தரவுத்தளத்துடன் தொடர்பற்ற பொருள்களுக்கும் அதனைப் பயன்படுத்த முடிந்தது.
* பண்ட்லர்: செயலிக்குத் தேவையான ஜெம் எனப்படும் பொதிகளையும் அவற்றின் பதிப்புகளையும் ஒரே கோப்பில் பட்டியலிடும் முறை இயல்பாக்கப்பட்டது. இதனால் ஒருவர் கணினியில் இயங்கும் செயலி மற்றொருவர் கணினியில் இயங்காமற்போகும் தொல்லை குறைந்தது.
* ஜாவாஸ்கிரிப்ட்: பக்கத்தினுள் நிரலைப் புகுத்துவதற்கு மாற்றாக எச்.டி.எம்.எல் 5 பண்புகள் பயன்படுத்தப்பட்டன. ஆகவே புரோட்டோடைப் நிரலகத்துக்குப் பதிலாக ஜேகுவெரியைப் பொருத்துவது எளிதாயிற்று.
* எழுத்துக் குறியாக்கம்: இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் அன்றைய பதிப்புகள் படிவத் தகவலைச் சிலவேளை வேறு குறியாக்கத்தில் அனுப்பின. அதனைத் தடுக்க, படிவங்களில் சரி குறி கொண்ட மறைபுலம் ஒன்று சேர்க்கப்பட்டது. அக்குறி உலாவியை யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் அனுப்பச் செய்தது. தமிழ் போன்ற மொழிகளில் இடப்படும் உள்ளீடு சிதையாமல் வந்துசேர இது உதவியது.

பாதுகாப்பு

வலைத்தளம் ஒன்றின் கருத்துப் பெட்டியில் ஒருவர் வெறும் உரைக்குப் பதிலாகத் தீய நிரலை எழுதிவிடலாம். தளம் அதனை அப்படியே வெளியிட்டால், பக்கத்தைத் திறக்கும் ஏனையோரின் உலாவியில் அந்நிரல் இயங்கி, அவர்களது கணக்கைக் கைப்பற்றவும் கூடும். ரெயில்ஸ் 2 இல் இதனைத் தடுக்க, உள்ளீட்டைக் காட்டும் ஒவ்வோர் இடத்திலும் நிரலாளர் ஒரு சார்பை நினைவாக எழுத வேண்டியிருந்தது. ஓர் இடத்தில் மறந்தாலும் தாக்குதலுக்கு வழி கிடைத்தது.

ரெயில்ஸ் 3.0 இந்நிலையைத் தலைகீழாக மாற்றியது. எல்லா உரையும் தானாகவே தீங்கற்றதாக மாற்றப்பட்டது. மாற்றக் கூடாத இடங்களை மட்டும் நிரலாளர் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். மறதியின் விளைவு இப்போது பாதுகாப்புக் குறையாக அன்றி, திரையில் தெரியும் சிறு பிழையாக மட்டுமே இருந்தது.

மேம்படுத்துவதில் எழுந்த சிக்கல்கள்

பழைய செயலிகளை 3.0 க்கு மாற்றுவது எளிதாக இருக்கவில்லை. இப்பதிப்புக்கு ரூபி 1.8.7 அல்லது 1.9.2 தேவைப்பட்டது. முகவரிகளை நிரற்பகுதிகளுடன் இணைக்கும் கோப்பின் எழுத்துமுறையும், மின்னஞ்சல் அனுப்பும் முறையும் மாறின. ரெயில்சின் உட்பகுதிகளை நேரடியாக மாற்றி இயங்கிய செருகுநிரல்கள் பல செயலிழந்தன. தாமே எச்.டி.எம்.எல் ஆக்கித் தந்த பழைய செருகுநிரல்களின் வெளியீடு, புதிய பாதுகாப்பு முறையால் வெறும் குறிச்சொற்களாகத் திரையில் தோன்றியது. மாற்ற வேண்டிய இடங்களைப் பட்டியலிடும் உதவிக் கருவி வெளியிடப்பட்ட போதிலும், பல செயலிகள் 2.3 பதிப்பிலேயே நீண்டகாலம் நீடித்தன.

பிந்தைய பதிப்புகள்

ஆகஸ்ட் 2011 இல் வந்த 3.1, ஜேகுவெரியை இயல்பு நிரலகமாக்கியது. பதிப்பு 3.2 ஜனவரி 2012 இல் வெளிவந்தது. பாதுகாப்பான இயல்புநிலை எல்லா இடங்களிலும் 3.0 இல் அமைந்துவிடவில்லை. படிவத்தில் வரும் புலங்கள் அனைத்தையும் ஒருசேர ஏற்றுக்கொள்ளும் இயல்பு நீடித்ததால், மார்ச் 2012 இல் கிட்ஹப் தளத்தில் ஒருவர் தமக்கு அனுமதியற்ற ரெயில்ஸ் களஞ்சியத்தில் மாற்றம் செய்து காட்டினார். ஜூன் 2013 இல் வெளியான 4.0, அனுமதிக்கப்பட்ட புலங்களை மட்டும் ஏற்கும் முறையைக் கொண்டுவந்தது.

3.0 வரிசையின் இறுதி வெளியீடான 3.0.20 ஜனவரி 2013 இல் வந்தது. இவ்வரிசைக்கான ஆதரவு முடிந்துவிட்டதால் புதிய செயலிகளுக்கு இது ஏற்றதன்று. எனினும் ஆக்டிவ் மாடல், பண்ட்லர், தானியங்கி உரைப் பாதுகாப்பு ஆகியவை பிந்தைய ரெயில்ஸ் பதிப்புகளிலும் தொடர்கின்றன.