பதுக்கை: ஒரு சொல்லும் ஒரு கல்லறையும்

பதுக்கை என்ற பெயர் 'பதுக்கு' என்னும் வினையிலிருந்து வந்தது. மறைத்து வைத்தல் என்பது அடிப்பொருள். சங்க காலப் பாலைப் பாடல்களில், ஆறலைக் கள்வரின் அம்பு பட்டு இறந்த வழிப்போக்கரைத் தழையும் கல்லும் இட்டு மூடிய குவியலே பதுக்கை. புறநானூற்றின் 264ஆம் பாடலில் அது நடுகல்லோடு சேர்ந்து வருகிறது. பலகைக்கற்களை நிலத்துக்குள் நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடிய பெருங்கற்காலப் பெட்டிக்குக் 'கற்பதுக்கை' என்று பெயரிட்டவர்கள் இக்காலத் தொல்லியலாளர். நிலத்தின் மேல் எழுந்து நிற்பது கற்திட்டை, உள்ளே மறைந்திருப்பது கற்பதுக்கை. பழைய சொல்லுக்கு இப்படியொரு மறுவாழ்வு அமைந்தது தமிழின் பேறு. ஈழத்தில் போர்க்காலம் தந்த 'பதுங்குகுழி'யும் இதே வேரில் கிளைத்ததுதான்.

இலங்கையில் இத்தகைய ஈமப்பெட்டியை நேரில் காண ஏற்ற இடம் தம்புள்ளைக்கு அருகிலுள்ள இப்பன்கட்டுவ. அதன் காலம் ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முந்தியது. நான்கு பக்கமும் நான்கு கற்பலகைகள், மேலே மூடுகல். உள்ளே எரித்த உடலின் எச்சங்கள், மட்கலங்கள், கடல் கடந்து வந்த சூதுபவள மணிகள். அகழ்ந்த குழிகளை அந்த இடத்திலேயே பாதுகாத்துப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். கிழக்குக் கரையில் வாகரையை அடுத்த கதிரவெளியும் பெருங்கற்கால ஈமக்காடாக அறியப்பட்டதே.

அந்தப் பெட்டிக்கு அச்சொட்டாகப் பொருந்தும் எளிய சொல் 'கல்லறை'. அதுவோ இன்று பெரும்பாலும் கிறிஸ்தவர் அடக்கத்தையே குறிக்கிறது. கிழக்குக் கரையின் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முஸ்லிம்களிடம் அடக்கக் குழியின் பெயர் கபுறு. மணற்பாங்கான அந்தக் கரையில் கற்பலகைக்கு வேலையில்லை. குழிக்குள் மையித்தை வைத்து, பலகை அடுக்கி, மண்ணிட்டு மூடி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கட்டை நடுவார்கள். கபுறுகள் இருக்கும் இடம் மையவாடி: இறந்தவரைக் குறிக்கும் அரபுச் சொல் முன்னே, தமிழ் 'வாடி' பின்னே. கரைவலைக்காரர் கடற்கரையில் போடும் மீன்வாடியில் உள்ள அதே வாடிதான்.

பதுக்கையை அகராதிகள் காத்து வைத்திருக்கின்றன. மையவாடியும் மீசான் கட்டையும் அதே கவனத்துக்கு உரியவை. அகராதி தொகுப்போர் இக்கரை ஊர்களுக்கு வந்து, அச்சொற்களை இங்குள்ள முதியோர் வாயிலிருந்தே எழுதிக்கொள்ள வேண்டும்.