இராசேந்திரன் சிலை

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், காவல்துறை சுட்டுக் கொன்ற மாணவருக்கு எழுப்பப்பட்ட சிலை. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவரான சிவகங்கை இராசேந்திரன், 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பு எதிர்ப்பு ஊர்வலத்தில் குண்டடிபட்டு இறந்தார். முந்தைய நாள்தான் இந்தி நாட்டின் முதன்மை ஆட்சிமொழியாகியிருந்தது.

காவல்துறையின் குண்டுக்கு இரையானவர்களுக்கு வேறிடங்களிலும் நினைவுச் சின்னங்கள் உண்டு. கர்நாடகத்தின் விதுராஸ்வத்தத்தில் 1938 ஏப்ரல் 25 அன்று கொடியேற்றக் கூடியவர்கள்மீது காவல்துறை சுட்டது. அங்கு மாண்டவர்களுக்கு நினைவிடம் உண்டு.

பலர் மாண்ட இடத்தில் நினைவுத்தூண் எழும். தனியொருவர் என்றால் முகத்தையே வடிப்பார்கள். 2020 மே மாதம் மினியாபொலிஸில் காவலர் கொன்ற ஜார்ஜ் ஃபிளாய்டின் முகம் சில நாட்களிலேயே சுவரோவியமானது. சிலைக்கு அந்த வேகம் கிடையாது, ஆயுள்தான் கூடுதல்.

இந்தித் திணிப்பை எதிர்த்து உயிர்நீத்த இராசேந்திரன் போன்றோர் நினைவாகத் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஜனவரி 25 மொழிப்போர் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.