போர்மேனும் துணை விமானியும்

சென்ற வாரம் டெனெரிஃப் ஓடுபாதைப் பனிமூட்டத்தில் கதையை நிறுத்தியிருந்தோம். 1977 மார்ச் 27. இரண்டு ஜம்போ விமானங்கள் தரையிலேயே மோதி 583 பேர் இறந்த நாள். கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் வான் சான்டன் சாதாரண ஆள் இல்லை. அந்த நிறுவனத்தில் ஜம்போ விமானிகளுக்குப் பயிற்சி தந்தவர்களுக்கே தலைவர். பக்கத்து இருக்கைத் துணை விமானிக்கு ஜம்போ ஓட்டத் தகுதிச் சான்று கொடுத்தவரும் அவர்தான், அதுவும் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்பு. எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று பின்னால் இருந்த பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. வாத்தியாரிடம் இரண்டாவது தடவை கேட்பது எப்படி?

அடுத்த ஆண்டு டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லாண்ட். சக்கரக் கோளாறு ஒன்றைச் சரிபார்த்தபடி யுனைடெட் விமானம் ஒரு மணி நேரம் வானில் வட்டமடித்தது. எரிபொருள் குறைவதைப் பொறியாளர் பார்த்தார், ஜாடையாகச் சொல்லியும் பார்த்தார். கேப்டன் மனம் முழுக்கச் சக்கரத்தில். கடைசியில் எரிபொருள் தீர்ந்து விமானம் புறநகரில் விழுந்து 10 பேர் இறந்தார்கள். இந்தச் சிக்கலைப் பேச 1979-ல் நாசா ஒரு பயிலரங்கு கூட்டியது. 1981-ல் யுனைடெட் நிறுவனம் விமானிகளுக்குப் புதுவிதப் பாடம் ஒன்றைத் தொடங்கியது. கேப்டன் கேட்கப் பழகவேண்டும், மற்றவர்கள் சொல்லப் பழகவேண்டும் என்பதே அதன் சாரம். பறக்கத் தெரிந்தவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதா என்று மூத்த விமானிகள் பலர் கேலி செய்தார்கள்.

சுமார் முப்பது ஆண்டுகள் தாண்டி, நம் பக்கம் வருவோம். 2010 மே 22 அதிகாலை. துபாயிலிருந்து 166 பேருடன் மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். மேட்டின் உச்சியைச் சமன்படுத்திப் போட்ட ஓடுபாதை, முடிகிற இடத்தில் பள்ளம். பயணத்தில் பெரும்பகுதி நேரம் கேப்டன் தூங்கியிருக்கிறார். விமானி அறை ஒலிப்பதிவில் குறட்டைச் சத்தம் இருந்ததாக விசாரணை அறிக்கை சொல்கிறது. விழித்து இறங்கத் தொடங்கியபோது விமானம் இருக்கவேண்டியதைவிட மிக உயரத்தில் இருந்தது. இறங்க வேண்டாம், மேலே ஏற்றி ஒரு சுற்று சுற்றி வருவோம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். மூன்று முறை! சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி கழிந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. 158 பேர் இறந்தார்கள், பிழைத்தவர்கள் 8 பேர்.

துணை விமானிக்கு விஷயம் தெரிந்திருந்தது, சொல்லவும் செய்தார் என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. டெனெரிஃபிலாவது ஒரு கேள்வியோடு நின்றுவிட்டார்கள். இங்கே சொல்லியும் நடக்கவில்லை. கேப்டன் கேட்காதபோது கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கத் துணை விமானிக்கு எந்த அளவு இடம் உண்டு என்பதில் விதிகள் தெளிவாக இல்லை என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. விதி தெளிவாகவே இருந்தாலும் அதைப் பயன்படுத்தும் தைரியத்தை யார் கொடுப்பது? தன்னைவிடப் பல்லாயிரம் மணி நேரம் கூடுதலாகப் பறந்தவரின் கையைத் தட்டிவிடுவது லேசான காரியம் இல்லை.

விருதுநகர் மாவட்டத்தில் விமான நிலையமே கிடையாது, விமானம் ஏற மதுரைக்குத்தான் போகவேண்டும். ஆனாலும் மங்களூர் அறிக்கையைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தவை அந்த மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலைகள்தான். அங்கேயும் ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு, அவர்களுக்கு மேலே ஒரு போர்மேன் உண்டு. மருந்து கலக்கிறவருக்குக் கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கில். வேலையை நிறுத்தினால் அன்றைய வருமானம் நின்றுபோகும். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். அதனால் அன்றைய மிச்ச மருந்தை மறுநாளுக்கு வைக்கக்கூடாது. இது கலக்கிறவருக்கு நன்றாகவே தெரியும். "அண்ணாச்சி, நேத்து மருந்து சூடா இருக்கு, தொட வேணாம்" என்று அவர் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் நிற்கும்போது போர்மேன் என்ன பதில் சொல்வார்? அந்தப் போர்மேனே முதலாளியிடமோ உள்குத்தகைக்கு எடுத்தவரிடமோ போய் நின்றால் என்ன பதில் கிடைக்கும்?

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்து. சிவகாசி கண்ட பெரும் கோரங்களில் ஒன்று. சுமார் 40 பேர் இறந்தார்கள். உதவிக்கு ஓடிவந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். அதற்குப் பிறகும் 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் ஆலை வெடிவிபத்து நடந்தது. ஒவ்வொரு தடவையும் செய்தியின் கடைசிப் பத்தி ஏறக்குறைய ஒன்றேதான்: மருந்து உராய்வே காரணம், போர்மேன் கைது, உரிமம் ரத்து. உராய்வு என்று எழுதியதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் விமான விபத்துகளிலும் 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அந்தத் தவறைப் பக்கத்தில் இருந்தவர் பார்த்தாரா, பார்த்தவர் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் அந்தத் துறை உருப்பட்டது.

தேதிகளைப் பாருங்கள். சிகாகோ உடன்படிக்கையின் 13-வது இணைப்பின்படி, விமான விபத்து விசாரணையின் நோக்கம் மறு விபத்தைத் தடுப்பது மட்டுமே, யார் மீதும் பழி சுமத்துவது அல்ல. அந்த வழியில் நடக்க, தனியாக ஒரு விமான விபத்து விசாரணை அமைப்பை இந்திய அரசு 2012 ஜூலையில் உருவாக்கியது. முதலிப்பட்டி வெடித்தது அதே ஆண்டு செப்டம்பரில். இங்கே விசாரணை என்றால் முதலில் வருவது போலீஸ். குற்றம் செய்தவருக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டுக் காசு பார்க்கிறவர் உள்ளே போகத்தான் வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் தானும் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்த தொழிலாளி, நேற்றைய மிச்ச மருந்தைப் பற்றி யாரிடம் வாக்குமூலம் கொடுப்பார்?

விமானிகளுக்கும் இதே பயம் இருந்தது. 1976-ல் அமெரிக்காவில் அதற்கு ஒரு வழி கண்டார்கள். வேண்டுமென்று செய்யாத தவறை 10 நாளுக்குள் கடிதமாக எழுதி அனுப்பினால் அபராதம் இல்லை. கடிதம் போவது தண்டிக்கும் துறைக்கு அல்ல, நாசாவுக்கு. பெயரை அவர்கள் நீக்கிவிடுவார்கள். இந்த ஏற்பாடு பிறக்கக் காரணம், வாஷிங்டன் அருகே ஒரு மலையில் மோதி விழுந்த விமானம். அதே மலையில், ஆறு வாரம் முன்பு, வேறொரு நிறுவனத்தின் விமானம் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தச் செய்தி அந்த நிறுவனத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்தக் கதை அடுத்த வாரம்.