தாய்ப்பலகையைத் தேர்ந்தெடுத்தல்: மலாக்காவிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை



சென்ற பள்ளி விடுமுறையில் ஜாசின் வட்டாரத்தைச் சேர்ந்த என் முன்னாள் மாணவர் ஒருவர், தம் தந்தையாரோடும் பாட்டியாரோடும் என் இல்லத்திற்கு வந்திருந்தார். கணினி விளையாட்டுகளுக்கென்றே ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கித் தாமே பொருத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தந்தையார் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுபவர். 3,500 வெள்ளி சேர்த்து வைத்திருப்பதாகவும் அதற்கு மேல் ஒரு காசும் இல்லை என்றும் வாசலிலேயே சொல்லிவிட்டார். மகனின் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். தாய்ப்பலகைக்கு மட்டும் 1,300 வெள்ளி எழுதியிருந்தது. மதர்போர்டு என்று நாம் கடையில் கேட்டு வாங்குவதைத்தான் சொல்கிறேன்.

“போர்டு நல்லதா இருந்தாத்தானே சார் கேம் நல்லா ஓடும்?” என்றார் மாணவர்.

இதற்கு ஒரு சொல்லில் விடையளிக்க இயலவில்லை. அப்பலகை எவ்வாறு இன்றைய நிலைக்கு வந்தது என்பதைச் சொன்னால்தான் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பது விளங்கும். அன்று கூறியதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

1981 ஆகஸ்டு மாதம் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் பலகையில் செயலியும் சிறிதளவு நினைவகமும் ஐந்து செருகுவாய்களும் இருந்தன. திரையை இயக்குவதற்குக்கூடத் தனி அட்டை ஒன்றைச் செருக வேண்டும். பலகையின் மின்சுற்று வரைபடத்தை அந்நிறுவனமே நூலாக வெளியிட்டதால், பிறரும் அதற்கேற்ற அட்டைகளைச் செய்யத் தொடங்கினர். விரைவில் கணினியையே செய்தனர். 1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்னும் அளவுமுறையை வகுத்தது. பலகை 305க்கு 244 மில்லிமீட்டர். திருகாணித் துளைகள் இன்ன இடத்தில் என்பது முடிவாயிற்று. ஒரு கடையில் பெட்டியும் மறு கடையில் பலகையும் வாங்கி, இரண்டும் பொருந்தும் என்று இன்று நாம் நம்புவது இதனால்தான்.

துளைகள் ஒத்துப்போன அளவுக்குச் செயலிகள் ஒத்துப்போகவில்லை. 1990களின் நடுவில் சாக்கெட் 7 என்ற ஒரே பொருத்துவாயில் இன்டெல், ஏஎம்டி, சைரிக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் செயலிகளும் அமர்ந்தன. 1997இல் இன்டெல் தனி வழி கண்டது. 1999இல் ஏஎம்டியும் பிரிந்தது. அதன்பின் எந்தச் செயலி என்று முடிவு செய்தவுடன் பாதிப் பலகைகள் கைவிட்டுப் போய்விடுகின்றன. ஊசிகளின் எண்ணிக்கை ஒன்றாயிருந்தும் பயனில்லாமற் போனதுண்டு. 2015இல் இன்டெல் கொண்டுவந்த 1151 ஊசிப் பொருத்துவாய் கொண்ட பலகையை வாங்கியவர்கள், 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைச் செயலியை அதில் பயன்படுத்த இயலவில்லை. பொருத்துவாயின் அளவும் ஊசிகளின் எண்ணிக்கையும் அவையே. ஆனால் புதிய சிப்செட் கொண்ட பலகைதான் வேண்டும் என்றது நிறுவனம். இதற்கு மாறாக, ஏஎம்டியின் ஏஎம்4 பலகையை 2017இல் வாங்கியவர்கள் பலர், பயாஸைப் புதுப்பித்து 2022இல்கூட ரைசன் 5000 வரிசைச் செயலியைப் பொருத்தினர். பணம் குறைந்த வீட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று.

இதை நான் பட்டறிந்திருக்கிறேன். 2003இல் நான் வாங்கிய கணினி, மூன்றாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கையில் அடிக்கடி நின்றது. பிறகு இயங்கவே மறுத்தது. பெட்டியைத் திறந்தேன். செயலியைச் சுற்றி நின்ற சிறு உருளைகளின் தலை புடைத்து, பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. உத்தரவாதக் காலம் முடிந்தது என்று கடைக்காரர் கையை விரித்தார். செயலி நன்றாக இருந்தது. நினைவகமும் திரை அட்டையும் நன்றாக இருந்தன. ஆனால் அவற்றை ஏற்கும் பலகை அதற்குள் கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. ஒரு பலகைக்காக எல்லாவற்றையும் மாற்றினேன். ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் போயிற்று.

அது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பது பின்னரே தெரிந்தது. 2000களின் முற்பகுதியில் உலகெங்கும் தாய்ப்பலகைகளின் மின்தேக்கிகள் இவ்வாறு வெடித்தன. உள்ளிருக்கும் மின்பகு திரவத்தின் கலவை பிழையானதால் வாயு உண்டாகி உருளைகள் புடைத்தன. டெல் நிறுவனம் 2005இல் இதன்பொருட்டு ஏறத்தாழ 30 கோடி அமெரிக்க டாலரை ஒதுக்க நேர்ந்தது. இன்று பலகைகளில் காணும் திண்ம மின்தேக்கிகள் பரவலானதற்கு இந்தப் பெருங்கேடும் ஒரு காரணம் எனலாம்.

இறந்துபோன அப்பலகை இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மாணவருக்குக் காட்டுவதற்காக எடுத்து வந்தேன். அவர் புடைத்த உருளைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, அதுவரை பேசாதிருந்த பாட்டியார் கை நீட்டிப் பலகையை வாங்கி, செயலியின் அருகே வரிசையாக இருந்த கறுப்புச் சில்லுகளைத் தொட்டார். “இதுக்குள்ளதான் ஐயா கம்பி கட்டுனோம்” என்றார்.

1971இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு இன்டெல் பினாங்கிற்கு வந்தது. 1973இல் சீமென்ஸ் மலாக்காவில் குறைகடத்தித் தொழிற்சாலை தொடங்கியது. அதுவே 1999 முதல் இன்பினியோன் என்ற பெயரில் இயங்குகிறது. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனமும் மலாக்காவில் ஆலை நடத்தியது. 2011இல் அது டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் வசமாயிற்று. பத்து பெரெண்டாம் என்றாலே தொழிற்சாலைப் பேருந்துதான் நம் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வரும். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த வீட்டுப் பெண் பிள்ளைகள், விடியுமுன் தோட்டத்துச் சாலையில் அப்பேருந்துக்காக நின்றனர். நம் பாட்டியார் 1979இல், பத்தொன்பது வயதில், அவ்வாறு ஓர் ஆலைக்குச் சென்றவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி, தலைமுடியினும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைப்பது அவருடைய வேலை. மூன்று முறை வேலை நேரம் மாறும். முப்பது வயதிற்குள் கண் மங்கிவிட்டதாம்.

அக்கறுப்புச் சில்லுகளின் பணியை மாணவருக்குக் கணக்காகவே போட்டுக் காட்டினேன். (பிள்ளைகளுக்கு வகுப்பில் இதை நடத்தலாம், ஆசிரியர்களே.) மின்வழங்கி 12 வோல்ட் தருகிறது, செயலிக்கோ ஒரு வோல்ட்டை ஒட்டிய அழுத்தமே வேண்டும். 120 வாட் இழுக்கும் செயலிக்கு 1.2 வோல்ட் என்றால் 100 ஆம்பியர். நம் வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கேத்தல் இழுப்பது பத்து ஆம்பியர் அளவே. அந்த நூறையும் பங்கிட்டுச் சுமப்பவை அச்சில்லுகள். இப்போதைய பலகைகளில் அவை உலோக வெப்பத்தகட்டின் கீழ் மறைந்திருக்கின்றன. தகடு இல்லாத மலிவுப் பலகையை வாங்காதே என்று நான் சொன்னதற்கு இதுவே காரணம். ஆனால் அவர் வாங்க நினைத்த நடுத்தரச் செயலிக்கு, 1,300 வெள்ளிப் பலகையில் உள்ள பதினாறு சில்லுகள் தேவையே இல்லை. அங்கே நாம் பணம் கொடுப்பது பெரும்பாலும் வண்ண விளக்குக்கும் பெயருக்கும்தான்.

ஆகவே, பட்டியலை மாற்றினோம். 2022இல் வந்த ஏஎம்5 பொருத்துவாய், பி650 சிப்செட், 244 மில்லிமீட்டர்ச் சதுரப் பலகை. திண்ம மின்தேக்கி, வெப்பத்தகடு, டிடிஆர்5 நினைவகத்துக்கு நான்கு செருகுவாய்கள், மூன்றாண்டு உத்தரவாதம். 600 வெள்ளிக்குள் அடங்கியது. மிச்சம் 700 வெள்ளியைத் திரை அட்டைக்குத் தள்ளினோம். விளையாட்டின் வேகம் பெரும்பாலும் அதைப் பொறுத்தது. விளக்கில்லாத பலகையின் படத்தைப் பார்த்து மாணவர் முகம் வாடிற்று என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

“இவன் காலேஜ் முடிக்கிற வரைக்கும் தாங்குமா சார்?” என்று தந்தையார் கேட்டார். உறுதி சொல்ல முடியாது என்றேன். செயலி பழசானால் பலகையை எறியாமல் செயலியை மட்டும் மாற்ற வழியுண்டு. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள் என்று மட்டும் கூறினேன்.

புறப்படும்போது பழைய பலகையைப் பாட்டியார் கேட்டார். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.