மாராயமும் மெடலும்

எங்கள் பெரியப்பா பட்டாளத்திலிருந்து திரும்பி நெடுங்காலம் இருந்தார். ஒருநாளும் அவர் 'பதக்கம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "மெடல் குத்துனாங்கடா" என்பார். 1971 போருக்கான சங்ராம் மெடல் ஒன்று, கிழக்கு முனையில் இருந்ததற்காகப் பூர்வி ஸ்டார் ஒன்று.

பதக்கம் என்பது நகைப்பெட்டியிலிருந்து வந்த சொல். வடமொழிப் 'பதக'த்தின் தமிழ் வடிவம். சரத்தின் நடுவே கல் இழைத்துத் தொங்கவிடும் அணி அது. சாமிக்கும் உண்டு, கல்யாணப் பெண்ணுக்கும் உண்டு. கையில் காசிருந்தால் ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். மெடலும் மார்பில் தொங்குவதால் அந்தப் பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது. இந்திக்காரர்களும் 'பதக்' என்கிறார்கள். ஆனால் 1960-இல் ஏற்படுத்திய சேனா மெடலில் தேவநாகரியில் பொறித்திருப்பது 'மெடல்' என்றுதான். அரசாங்கமே பெரியப்பா கட்சி!

படைவீரனுக்கு அரசன் செய்யும் சிறப்புக்குத் தமிழில் தனிச்சொல் இருந்தது: மாராயம். தொல்காப்பியம் வஞ்சித் திணையில் அதைச் சொல்கிறது. உரைகாரர்கள் ஏனாதி, காவிதி முதலான பட்டங்களை அதற்குக் காட்டுவார்கள். ஏனாதிப் பட்டத்தோடு மோதிரமும் உண்டு. ஏனாதி மோதிரம் என்றே அதற்குப் பெயர். புறநானூறு 167-ஆம் பாட்டு ஏனாதி திருக்கிள்ளி என்பவனைப் பாடுகிறது. அதில் மோதிரப் பேச்சே இல்லை, உடம்பு நிறைய வாள் வடுதான். சோழர் காலத்தில் மாராயன் என்பது பட்டப் பெயரில் ஏறியது. ராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் ராமன், மும்முடிச்சோழப் பிரமமாராயன். மாராயன் 'மகாராஜன்' என்பதன் திரிபு; மாராயமும் அதே வேர் என்றே எனக்குப் படுகிறது.

தொல்காப்பியம் மாராயத்தைப் 'பெறுதல்' என்ற வினையோடு சேர்க்கிறது. 'பதக்கம் வென்றார்' என்பது ஓட்டப்பந்தயத்துக்குப் பொருந்தும். எல்லையில் நிற்பவன் பதக்கத்துக்காகப் போட்டியிடவில்லையே! பத்திரிகைக்காரர்கள் அங்கேயாவது 'பெற்றார்' என்று எழுதலாம்.

மாராயம் பெற்றவன் தன் பெருமையைத் தானே எடுத்துச் சொல்வதற்கும் இலக்கணத்தில் ஒரு பெயர் உண்டு, நெடுமொழி. பெரியப்பாவிடம் அந்த நெடுமொழியை வாங்க நான் படாத பாடில்லை. மெடல் குத்திய அன்று எப்படி இருந்தது என்று கேட்டால், வெயில் என்பார். சட்டைக் கஞ்சி கழுத்தை அறுத்தது என்பார். பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய ஒருவனைப் பற்றித் தொடங்குவார், பாதியில் பீடியைத் தேடுவார். அதற்கு மேல் வராது.

இப்போது மெடல்கள் என்னிடம் இருக்கின்றன. அந்துருண்டை வாசம். சங்ராம் மெடலின் விளிம்பில் பொடி எழுத்தில் வெட்டியிருக்கிறது: முதலில் எண், பிறகு பதவி, அதற்குப் பிறகு பெயர்.